பனிமலைப் பறவைகளைப் படம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் தனுஷ்கோடி மணலில் படுங்கள்

இமயமலைக்குப் போய்ப் பனியில் பறவைப் படம் எடுக்கணும் என்று ஆசைப்படுகிற நம்ம இராமநாதபுரம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான்: டிக்கெட் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் தனுஷ்கோடி மணலிலும் வாலிநோக்கம் உப்பளத்திலும் கேமராவோடு திரியுங்கள். பனியில் படம் கெட்டுப்போவதற்குப் பாதிக் காரணம் வெளிச்சம். அந்த வெளிச்சம் நம்ம கரையிலேயே, பேருந்து செலவிலேயே கிடைக்கிறது. மீதிப் பாதி குளிர், அதற்கு இங்கே பயிற்சி கிடையாது, மார்கழியிலேயே 20 டிகிரிக்குக் கீழே போனால் நமக்கு அதிசயம். அதற்குத் தயாராகத்தான் முடியும். அதனால் வெளிச்சத்தை விரிவாகவும் குளிரைத் தேவையான அளவுக்கும் சொல்கிறேன்.

வெள்ளையைப் பார்த்தால் கேமராவுக்குக் குழப்பம்

கேமராவுக்குள் இருக்கிற மீட்டர், தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஃபிரேம் முழுக்கப் பனி இருந்தால் "அடேயப்பா, வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும், படத்தில் பனி அழுக்கு வேட்டி மாதிரி வரும், மேலே உட்கார்ந்திருக்கிற பறவை கரிக்கட்டையாக இருக்கும். தனுஷ்கோடி மணலில் நடுப்பகலில் எடுத்த படங்கள் மந்தமாக இருப்பதும் இதே காரணத்தால்தான். பழைய ஃபிலிம் பெட்டிகளில் ஒரு சின்ன எக்ஸ்போஷர் அட்டவணை வரும், அதில் வெயிலில் வெளிர்மணல், வெயிலில் பனி இரண்டையும் ஒரே வரியில்தான் போட்டிருப்பார்கள். ஃபிலிம் தயாரித்தவர்களுக்கே கடற்கரையும் பனிமலையும் ஒரே கணக்குதான்.

மணலைவிட நல்ல பள்ளிக்கூடம் உப்பளம். நம்ம மணல் என்னதான் வெளுப்பாக இருந்தாலும் அதில் ஒரு மஞ்சள் சாயல் இருக்கும், உப்பு அம்பாரம் அப்படியில்லை, வெயில் பட்டால் கண் கூசும் வெள்ளை. உப்பு வாருகிற கோடை மாதங்களில் போங்கள், மழைக்காலத்தில் அம்பாரத்தை மூடிப் போட்டிருப்பார்கள். வரப்பில் ஏறுவதற்கு முன்னால் அங்கே வேலை பார்க்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாத்தி வரப்பை மிதித்துக் கரைத்துவிட்டால் அவர்கள் உழைப்பு போச்சு.

அங்கே தேட வேண்டிய பறவை பூநாரை இல்லை, காகம்தான். அம்பாரத்தின் மேல் வந்து உட்காரும் சாதாரணக் காகம். சிரிக்காதீர்கள். உத்தராகண்டின் துங்கநாத் மலையில் மஞ்சள் அலகும் சிவப்புக் காலுமாகக் கருகருவென்று ஒரு மலைக்காகம், சஃப் என்பார்கள், பனி மேல் ஆளுக்கு அஞ்சாமல் நடந்துகொண்டிருக்கும். நீங்கள் பனியில் எடுக்கிற முதல் பறவை அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். வெள்ளைப் பின்னணியில் கறுப்புப் பறவையின் இறகு விவரமும் தெரியணும், பின்னணியும் வெளுத்துப் போகக் கூடாது என்கிற அந்தச் சிக்கல் உப்பு மேல் உட்கார்ந்த காகத்தில் அப்படியே இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. கேமராவை ரா ஃபைலில் வையுங்கள், ஜேபெக் மட்டும் என்றால் வெள்ளையில் தப்பிக்க வழி குறைவு. பறவை இல்லாமல், வெயில் விழுகிற வெறும் உப்பை மட்டும் ஃபிரேம் நிறைய வைத்து ஒரு படம் எடுங்கள். மீட்டர் போட்ட கணக்கைக் கூட்டவும் குறைக்கவும் உதவுகிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைப் பிளஸ் 1-இல் தொடங்கி மூன்றில் ஒரு படியாக ஏற்றிக்கொண்டே வாருங்கள், அதிவெளிச்சத்தைக் காட்டுகிற மினுக்கல் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதற்கு முந்தைய அளவில் நிறுத்துங்கள். வெளிர்மணலில் இது பெரும்பாலும் பிளஸ் 1-க்குள் முடிந்துவிடும், உப்பிலும் பனியிலும் ஒன்றரை, சில நேரம் 2 வரைக்கும் போகும். மேகமூட்டத்தில் பனி எடுக்கும்போதும் குறைந்தது 1 வேண்டும். பலர் மேகம் என்றால் சைபரில் விட்டுவிடுவார்கள், அங்கேதான் சாம்பல் பனி வருகிறது.

இப்போது அந்த அளவுகளை அப்படியே மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். ஏன் மேனுவல்? காகம் தூரத்தில் இருக்கும்போது ஃபிரேம் முழுக்க வெள்ளை, பறந்து கிட்டே வந்தால் பாதி ஃபிரேம் கறுப்பு, ஆட்டோவில் விட்டால் மீட்டர் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணக்குச் சொல்லும். வெயில் மாறவில்லை என்றால் வெளிச்சமும் மாறவில்லை, பறவை எந்த நிறத்தில் இருந்தால் என்ன. வெயில் மேகத்துக்குள் போகும்போது மட்டும் மறுபடி வெறும் உப்பை ஒரு தடவை எடுத்துப் பார்த்துச் சரி செய்துகொள்ளுங்கள். இந்தப் பழக்கம் விரலில் ஏறிவிட்டால் பனியில் கையுறை போட்ட கையோடும் செய்துவிடலாம், ஏறவில்லை என்றால் அங்கே மோனால் என்கிற இமயமலைப் பறவை வந்து நிற்கும்போது நீங்கள் பட்டன் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வெள்ளை மேல் வெள்ளைப் பறவை என்பது இதற்கு அடுத்த வகுப்பு. கோதண்டராமர் கோயிலுக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் நீர் தேங்கி நிற்கிறதே, அங்கே காலை எட்டு மணி வெயிலில் நிற்கிற வெள்ளைக் கொக்கை எடுத்துப் பாருங்கள். பின்னணியைவிடக் கொக்கு இன்னும் வெளுப்பு, அதனால் மணலுக்கு வைத்த அளவை அப்படியே வைத்தால் கொக்கின் முதுகு எரிந்துபோகும், மூன்றில் இரண்டு படி இறக்க வேண்டியிருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பூநாரைகள் வந்திருந்தால் அவையும் இதே பாடம்தான், தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தாலும் சிறகை விரித்ததும் கறுப்பும் சிவப்பும் வந்துவிடும். ஒரு விஷயம், 2025-இல் தனுஷ்கோடியைப் பெரும் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்துவிட்டது. தண்ணீருக்குள் இறங்கி நடந்து துரத்துவதோ ட்ரோன் விடுவதோ முன்னாலும் தப்புதான், இப்போது சட்டப்படியும் சிக்கல். சாலையிலிருந்தே எடுங்கள்.

இன்னொரு சங்கதி, இதைக் கவனித்தவர்கள் குறைவு. பறவை தலைக்கு மேல் பறக்கும்போது சாதாரணமாக அதன் அடிப்பக்கம் நிழலில் இருண்டு போகும். வெளிர்மணலின் மேல் பறக்கிற செம்பருந்துக்கும் ஆலாவுக்கும் அப்படி ஆகாது, மணல் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து இறக்கையின் அடியை நிரப்பிவிடும். பனியில் இது இன்னும் பலமாக இருக்கும். அதனால்தான் பனிச்சரிவின் மேல் தாழப் பறக்கும் பாறு கழுகுகளின் நல்ல படங்களில் கீழ் இறகுகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகின்றன. நடுப்பகல் வெயில் ஆகாது என்று கேமராவை மூடி வைக்கிற வழக்கம் பறக்கும் பறவைக்குப் பனியில் பொருந்தாது. உட்கார்ந்த பறவைக்கு மட்டும் காலையும் மாலையும்தான் நல்லது.

பனியின் நிழல் நீலமாக விழும், வானத்தின் நிறம் அது. ஒயிட் பேலன்ஸைத் திருகி அந்த நீலத்தை மொத்தமாகத் துடைக்காதீர்கள், துடைத்தால் வெயில் படுகிற பக்கம் மஞ்சளாகிவிடும்.

காற்று, வேகம், ஃபோகஸ்

பறவை எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். வாடை அடிக்கிற மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், காலையில் சூரியனும் கிழக்கே இருக்கும், நீங்கள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றால் இறங்குகிற கடற்காகம் எல்லாம் உங்களைப் பார்த்துத்தான் வரும், முகத்தில் வெயிலோடு. அதே நாள் சாயங்காலம் வெயிலை முதுகில் வைத்து நின்றால் வால்தான் கிடைக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் கணக்கு தலைகீழ், சாயங்காலம்தான் ராசி. நம்ம ஊர் மீனவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, கேமராக்காரர்கள்தான் மறந்துவிடுகிறார்கள். மலையில் வெயில் ஏறச் சரிவு சூடாகிக் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல் நோக்கி ஏறும், இரவில் கீழே இறங்கும். பெரிய பாறு கழுகுகள் காலையிலேயே எழும்பாமல் அந்த மேல்காற்றுக்குக் காத்திருக்கும். ஆகவே விடியலில் சின்னப் பறவைகள், பத்து மணிக்கு மேல் மலை விளிம்பில் பெரிய பறவைகள் என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வேகம் பெரிதாக மாறாது. பறக்கிற ஆலாவுக்கு 1/2000 அல்லது அதற்கு மேல், ஓடுகிற உப்புக்கொத்திக்கு 1/1600, நிற்கிற பறவைக்கு 1/500 போதும். பனி பெய்துகொண்டிருக்கும்போது மட்டும் ஷட்டரை யோசித்து வையுங்கள்: 1/1000-க்கு மேல் வைத்தால் பனித்துகள் புள்ளி புள்ளியாக நிற்கும், 1/100 பக்கம் இறக்கினால் கோடு கோடாக இழுக்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கிற பறவைக்கு அந்தக் கோடுதான் அழகு என்பது என் கட்சி. புள்ளி பறவையின் கண் மேல் விழுந்தால் படமே வீண்.

பனி பெய்யும்போது ஆட்டோ ஃபோகஸ் பறவையை விட்டுவிட்டு முன்னால் விழுகிற துகளைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு நம்ம கடலில் நல்ல பயிற்சி உண்டு. அரிச்சல்முனையில் அலை உடைகிற இடத்தில் அலைக்கு மேலே தாழப் பறக்கிற ஆலாவைத் தொடர்ந்து பாருங்கள், ஃபோகஸ் நூறு தடவை நுரைக்குத் தாவும். சின்ன ஒற்றைப் புள்ளியை வைத்து, டிராக்கிங் உணர்வைக் குறைத்து, பறவை ஒரு நொடி மறைந்தாலும் கேமரா அவசரப்பட்டு வேறொன்றுக்குத் தாவாத மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். புதிய கேமராக்களின் பறவைக்கண் கண்டறிதல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கனத்த பனியில் அதற்கும் திணறல் வரும்.

ஒன்பது மணிக்கு மேல் மணல் சூடேறிக் கானல் எழும்பும், தூரத்துப் பறவை தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும், படம் கூர்மை இல்லாமல் வரும், லென்ஸ் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. பனியில் கானல் இருக்காது என்று நினைக்காதீர்கள், வெயில் நாளில் அங்கேயும் உண்டு. ஹீட்டர் போட்ட வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி எடுத்தால் உள்ளே இருக்கிற சூட்டுக்காற்று வெளியேறி லென்ஸுக்கு முன்னாலேயே நெளியும். ஹீட்டரை அணைத்து, எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, உள்ளும் புறமும் ஒரே குளிரான பிறகு எடுங்கள். கஷ்டம்தான்.

தரைமட்டத்தில் படுத்து எடுக்கிற பழக்கமும் இங்கிருந்தே வரட்டும். மணலில் சாக்கு விரித்துப் படுப்பது போல அங்கே மடிக்கிற ஃபோம் மேட் ஒன்று கட்டாயம், பனியில் அது இல்லாமல் படுத்தால் பத்து நிமிடத்தில் வயிறு சில்லிட்டுவிடும். லென்ஸுக்கு அடியில் வைக்கிற பீன் பேக்கைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பருப்போ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம், விமானத்தில் எடை மிச்சம்.

குளிர் கேமராவை என்ன செய்யும்

முதலில் பேட்டரி. லித்தியம் பேட்டரிக்குள் நடக்கிற வேதிவினை குளிரில் மெதுவாகிவிடும், மைனஸ் 15, 20 டிகிரியில் முழுச் சார்ஜ் இருந்தாலும் பாதி கூடத் தராமல் கை விரித்துவிடும். மூன்று நான்கு பேட்டரி எடுத்துப் போங்கள், சட்டைக்கு உள்ளே, உடம்புச் சூடு படுகிற பையில் வையுங்கள். தீர்ந்துவிட்டது என்று காட்டுகிற பேட்டரியைத் தூக்கிப் போடாதீர்கள், உள்ளே வைத்துச் சூடாக்கினால் இன்னும் கொஞ்சம் ஓடும். விமானத்தில் உதிரி பேட்டரிகளைக் கையோடு எடுத்துப்போகும் பையில்தான் வைக்கணும்.

அடுத்தது நீர்கோத்தல். இராமேஸ்வரத்தில் ஏசி அறையில் தங்கி விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே வந்தவர்களுக்குத் தெரியும், லென்ஸ் மொத்தமும் மூடுபனி போட்டுவிடும். குளிர்ந்த கண்ணாடி மேல் ஈரக்காற்று பட்டால் நீர் கோக்கும், அவ்வளவுதான் விஷயம். நமக்கு வெளியே போகும்போது நடப்பது மலையில் உள்ளே வரும்போது நடக்கிறது: மைனஸ் பத்தில் நாள் முழுக்க இருந்த கேமராவோடு அடுப்பு எரிகிற அறைக்குள் நுழைந்தால் வெளியே மட்டுமல்ல, உள்ளே சென்சார் வரைக்கும் ஈரம் ஏறலாம். அறைக்கு வெளியே நிற்கும்போதே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையைக் கேமரா பைக்குள் வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் தொடாமல் விடுங்கள். நீர் கோத்தாலும் பிளாஸ்டிக்கின் வெளிப்பக்கம்தான் கோக்கும். படம் பார்க்கிற ஆசையில் உடனே திறப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மறுநாளும் அதே இடத்துக்குப் போவதாக இருந்தால் சூடேற்றாத அறை ஒன்றில் இரவு முழுக்கக் கேமராவை விட்டுவிடுவது இன்னும் எளிது, பேட்டரியை மட்டும் உங்களோடு போர்வைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் மேல் விழுந்த பனித்தூளை வாயால் ஊதாதீர்கள். மூச்சில் இருக்கிற ஈரம் கண்ணாடியில் படிந்து உறைந்து ஒட்டிக்கொள்ளும். மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும், உலர்ந்த பனி நம்ம ஊர் உப்புத்தூசியைப் போலப் பிசுபிசுக்காது. வ்யூஃபைண்டரில் கண் வைக்கும்போது மூச்சைப் பக்கவாட்டில் விடப் பழகுங்கள். உலோக ட்ரைபாட் கால்களில் சைக்கிள் கைப்பிடி ஃபோமோ துணியோ சுற்றிவிடுங்கள்.

கைக்கு இரண்டு அடுக்கு: உள்ளே பட்டன் அமுக்கத் தோதான மெல்லிய கையுறை, மேலே தடிமனான ஒன்று, படம் எடுக்கும்போது மேலே இருப்பதை மட்டும் கழற்றுவது. உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டாம், நமக்குப் பழகிப்போன துணி அதுதான் என்றாலும் வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும், அங்கே அந்த ஈரமே ஆபத்து. கம்பளி அல்லது பாலியெஸ்டர். குளிருகிறது என்று இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவுக்குள் காலைத் திணிப்பதும் வேண்டாம், இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம், பனியில் திரும்பி வருகிற புற ஊதாக் கதிர் கண்ணைச் சுட்டுவிடும்.

கடல்மட்டத்து உடம்பு

இதை நம்ம ஆட்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பிறந்ததிலிருந்து கடல்மட்டத்தில் இருக்கிற நாம் டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் 3,500 மீட்டர் உயரத்தில் லடாக்கின் லே நகரத்தில் இறங்குகிறோம். முதல் இரண்டு நாள் கேமராவைத் தொடாமல் அறையில் கிடங்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனபின் தூங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மலை மருத்துவர்கள் சொல்கிற பொது விதி. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாதீர்கள், கூடிக்கொண்டே போனால் கீழே இறங்குவதுதான் மருந்து. மாத்திரை போடுவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் இல்லை.

எங்கே போவது, எதை எடுப்பது

முதல் தடவை என்றால் உத்தராகண்டில் சோப்தா. சுமார் 2,700 மீட்டர், அங்கிருந்து மூன்றரை நான்கு கிலோமீட்டர் நடந்தால் 3,680 மீட்டரில் துங்கநாத் கோயில். அந்த மாநிலப் பறவையான மோனால் இந்தப் பாதையில்தான். பனி கொட்டுகிற ஜனவரி, பிப்ரவரியில் சாலை மூடிக்கிடக்கலாம், மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் போனால் திட்டுத்திட்டாகப் பனியும் இருக்கும், வெறுந்தரையில் கிழங்கு தோண்டுகிற மோனாலும் இருக்கும். ஆண் மோனாலின் பச்சையும் செம்பும் நீலமும் நேர்வெயில் பட்டால்தான் மின்னும், மேகத்தில் கறுத்துக் கிடக்கும், அதனால் வெயிலை முதுகில் வைத்து நில்லுங்கள். மேலேயிருந்து அதை நோக்கி இறங்காதீர்கள். விரட்டினால் சரிவில் கீழே பாய்ந்து வெகுதூரம் போய்விடும், பனிக்காலத்தில் இரை தேடவே அல்லாடுகிற பறவைக்குத் திரும்ப மேலே ஏறி வருவது வீண் செலவு, உங்களுக்கும் அன்றைய நாள் முடிந்தது. ஒரே இடத்தில் உட்காருங்கள், தோண்டிக்கொண்டே அதுவாகக் கிட்ட வரும்.

அடுத்த கட்டம் இமாச்சலத்தின் ஸ்பிதியில் கிப்பர், 4,200 மீட்டருக்கு மேல். பனிக்கோழியும் சுகோர் கவுதாரியும் எலும்பு தின்கிற தாடிப் பாறும் அங்கே உண்டு. தாடிப் பாறு பெரிய எலும்பை உயரத்திலிருந்து பாறையில் போட்டு உடைக்கும், அதற்கென்று பழகிய பாறைகள் வைத்திருக்கும். அடியில் எலும்புச் சில்லுகள் சிதறிக் கிடக்கிற பாறையை உள்ளூர் வழிகாட்டி காட்டினால் வேறெங்கும் அலையாமல் அங்கேயே தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். அருணாசலத்தில் சேலா கணவாய் என்றால் இந்தியர்களுக்கும் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும்.

குளிர்காலத்தில் லடாக் போய்க் கடற்காகம் தேடாதீர்கள். கோடையில் சோ மோரிரி போன்ற 4,500 மீட்டர் உயரத்து ஏரிகளில் முட்டையிடுகிற பழுப்புத்தலைக் கடற்காகங்கள் அந்த நேரத்தில் நம்ம கரைப் பக்கம் வந்துவிடும், தலையில் பழுப்பே இல்லாமல் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டோடு. மார்ச்சில் சிலதுக்குத் தலை கறுக்கத் தொடங்கும், கல்யாணக் கோலத்தை அரைகுறையாகவாவது இங்கேயே எடுத்துவிடலாம்.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அங்கே உலர்ந்த காற்றில் இருந்த கேமராவும் லென்ஸும் நம்ம ஊர் ஈரத்துக்கும் உப்புக்காற்றுக்கும் வருகின்றன, பையில் அப்படியே போட்டு வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். எல்லாவற்றையும் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வெயிலில் காய வைக்காமல் வாணலியில் மெதுவாகச் சூடாக்கி மறுபடி போடலாம்.